மாம்பழத் தயிர்: வீட்டிலேயே செய்வோம், பங்கு போட்டுச் சாப்பிடுவோம்

(தம்பதியர் கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியது)



நான் வந்து உட்கார்ந்தாலே "நர்சம்மா ஊசிக் கதை சொல்ல வந்துட்டாங்க" என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழும். இன்று அப்படி இல்லை. இன்று ஒரு இனிப்பு செய்யச் சொல்லித் தரப்போகிறேன். மாம்பழமும் தயிரும் சேர்ந்த இனிப்பு. அடுப்பு வேலை பால் காய்ச்சுவது ஒன்றுதான். அதனால் ஆண்பிள்ளைகளும் கவனமாகக் கேட்க வேண்டும். பாதி வேலை உங்களுக்குத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

சித்திரை பிறந்து வெயில் ஏறினால் நம் பக்கம் எங்கு பார்த்தாலும் மாம்பழந்தான். பூந்தமல்லியில் பஸ் இறங்கினால் தள்ளுவண்டியில் பங்கனபள்ளி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் கையில் ஒரு பை செந்தூரம். உருண்டையாய் ஆப்பிள் மாதிரி ருமானி. எல்லாம் முடிந்த பிறகு ஆனி மாதத்தில் நீலம். ஏழை வீடானாலும் இந்த இரண்டு மூன்று மாதத்தில் நான்கு தடவையாவது மாம்பழம் வாங்காமல் இருப்பதில்லை. வாங்கின பழத்தை வீட்டில் யார் தின்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

போன வருஷங்களில் ஒரு கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். ஏழு மாதக் கர்ப்பிணி ஒரு பெண். இரத்தம் சோதித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.6 கிராம். கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே சோகை என்று கணக்கு. மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தாயிற்று. ஒழுங்காகப் போடுகிறாளா என்று பார்க்க வீட்டுக்குப் போனேன். திண்ணையில் மாமியார் பழம் அறுத்துக் கொண்டிருக்கிறார். மாமனாருக்கு ஒரு தட்டு, மகனுக்கு ஒரு தட்டு, மூத்த பேரனுக்கு ஒரு தட்டு. மருமகள் கையில் கொட்டை. அதையும் அவள் கொல்லைப் பக்கம் திரும்பி நின்று சப்பிக் கொண்டிருந்தாள்.

"ஏன் பாட்டி, அவளுக்கு ஒரு துண்டு தரக்கூடாதா?" என்றேன்.

"மாம்பழம் சூடும்மா. புள்ளைத்தாச்சிக்கு ஆகாது."

"சரி, தயிராவது ஊத்தறீங்களா?"

"தயிர் குளிர்ச்சியாச்சே. புள்ளைக்குச் சளி கட்டும்."

ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி. இரண்டும் கிடையாது. மிச்சம் இருந்தது ரசம் சோறும் ஊறுகாயும். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்த அம்மாள் பிறகு சொன்னதைக் கேட்டதும் என் வாய் அடைத்துப் போயிற்று. அவருக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே தவறியதாம். அதற்கு முந்தின நாள் ஆசைப்பட்டு இரண்டு மாம்பழம் தின்றாராம். ஊரே "மாம்பழத்தாலதான்" என்று சொல்லியிருக்கிறது. முப்பது வருஷமாக அந்தப் பழியைத் தன் தலையில் தானே சுமந்து கொண்டிருந்தார். மருமகளைப் பட்டினி போடும் எண்ணமே அவருக்கு இல்லை. அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருந்தார்.

பாட்டியின் கையைப் பிடித்துக் கொண்டு சொன்னேன்: "மாம்பழத்தால உங்க புள்ளை போகல, பாட்டி. நீங்க ஒரு தப்பும் பண்ணல." அதையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். பழுத்த மாம்பழம் கருவைக் கலைக்காது. கோடையில் வேனல் கட்டி வருவது வியர்வையாலும் புழுக்கத்தாலும். மாம்பழம் அதே மாதத்தில் வருவதால் பழி அதன் மேல் விழுகிறது. காம்புப் பக்கம் வடிகிற பால் பட்டால் சிலருக்கு உதட்டோரம் புண்ணாகும், அது நிஜந்தான். அதற்காகத்தான் நம் பெரியவர்கள் பழத்தைத் தண்ணீரில் ஊறப் போட்டுக் காம்பை நறுக்கி எறிந்தார்கள். தயிரும் சளியைக் கொண்டு வராது. சளி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிற நோய்.

இனி பண்டத்துக்கு வருவோம். இது நம் ஊர்ப் பண்டம் அல்ல. மராட்டியரும் குஜராத்திகளும் தயிரை வடிகட்டிச் சர்க்கரை சேர்த்துக் குழைத்து 'ஸ்ரீகண்ட்' என்பார்கள். அவர்கள் வருஷப் பிறப்புக்குப் பூரியோடு சாப்பிடுகிற பண்டம். அதில் மாம்பழம் சேர்த்தால் 'ஆம்ரகண்ட்'. ஆவடியில் 1960-களில் டாங்கி செய்கிற கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதிலிருந்து அந்தப் பக்கம் எல்லா மாநிலத்தாரும் குடியிருக்கிறார்கள். எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் அங்கே குடியிருந்த ஒரு மராட்டிய அம்மாள். அவர் குங்குமப்பூ போடுவார். நமக்கு ஏலக்காய் போதும். பெயர் வாயில் நுழையாதவர்கள் மாம்பழத் தயிர் என்றே சொல்லலாம்.

ஒரு லிட்டர் பால் வேண்டும். ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டானால் கொழுப்பு 6 சதவீதம், நன்றாக வரும். கறந்த பாலும் நல்லதுதான். எதுவானாலும் பொங்கக் காய்ச்சுங்கள். காய்ச்சாத பாலில் உறை ஊற்றக்கூடாது. கொழுப்பு எடுத்த பால் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மாம்பழத்தின் மஞ்சள் நிறத்தில்தான் கரோட்டின் இருக்கிறது. அதிலிருந்து நம் உடம்பு வைட்டமின் 'ஏ' செய்து கொள்கிறது. கண்ணுக்கும் தோலுக்கும் நோய் தடுக்கிற சக்திக்கும் அது வேண்டும். குறைந்தால் மாலைக்கண். அந்தக் கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். மாம்பழத்தை ஏடு உள்ள தயிரோடு சேர்ப்பது ருசிக்கு மட்டும் அல்ல என்று இப்போது புரிகிறதா?

குழந்தைகளுக்கு 9 மாதத்திலிருந்து 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நாங்கள் வாயில் ஊற்றுகிற வைட்டமின் 'ஏ' மருந்து 1970 முதல் நாடு முழுவதும் நடந்து வருகிற திட்டம். "மாம்பழம் கொடுத்தாச்சு, மருந்து வேணாம்" என்று யாரும் வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

சனிக்கிழமை இரவு பத்து மணிக்குப் பாலைக் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டில் ஒரு கரண்டி உறைமோர் விட்டு மூடுங்கள். மே மாத வெயிலுக்கு விடிவதற்குள் கெட்டியாகிவிடும். அதற்கு மேல் விட்டால் புளித்துப் போகும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிற வேலை வீட்டுக்காரருடையது. மாட்டுக்குத் தீனி வைக்கவோ முதல் ஷிப்டுக்கோ எப்படியும் எழுந்திருப்பீர்கள் அல்லவா? பழைய மல்லு வேட்டித் துண்டு ஒன்றை முந்தின நாளே தண்ணீரில் கொதிக்க வைத்து வெயிலில் காய வைத்திருக்க வேண்டும். அதில் தயிரைக் கொட்டி மூட்டையாகக் கட்டி, நிழலான இடத்தில் தொங்க விடுங்கள். நம் பாட்டிமார் தயிர்ப் பானையை வைத்த உறி இன்னும் எந்த வீட்டிலாவது இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் ஜன்னல் கம்பி. கீழே சுத்தமான பாத்திரம். மேலே ஈ மொய்க்காமல், பல்லி விழாமல் ஒரு மெல்லிய துணி. பூனை உள்ள வீட்டில் கதவைச் சாத்த மறக்க வேண்டாம். எனக்கு ஒரு தடவை அந்த அனுபவம் ஆயிற்று.

பத்து, பதினோரு மணிக்கு இறக்கிப் பார்த்தால் ஒரு லிட்டர் தயிர் ஏறக்குறைய 350 கிராம் கெட்டித் தயிராகச் சுண்டியிருக்கும். மீதி எல்லாம் கீழே பாத்திரத்தில் இளம்பச்சையாய்த் தெளிந்த நீர்.

இந்த நீரைத்தான் எல்லோரும் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். ஊற்றாதீர்கள்! தயிரின் புளிப்பு, பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து இந்த நீரோடு இறக்கிவிடுகிறது. எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய அந்தச் சத்தில் பெரும் பங்கு மூட்டையில் இல்லை, கீழே பாத்திரத்தில்தான் இருக்கிறது. வயிற்றில் வளர்கிற குழந்தையின் எலும்புக்கும், பால் கொடுக்கிற தாய்க்கும் அது எவ்வளவு தேவை! உப்பும் கறிவேப்பிலையும் கொஞ்சம் பெருங்காயமும் போட்டு அன்றைக்கே குடித்துவிடலாம். ரசத்துக்கு விடலாம். சப்பாத்தி மாவு பிசையலாம், பூரி மாவும் பிசையலாம். மராட்டிய அம்மாள் அப்படித்தான் செய்வார். பூரி மெத்தென்று வரும். மோருக்குப் பதில் ஒரு டம்ளர் இந்த நீர் என்று வைத்துக் கொண்டால் போதும், எதுவும் வீணாகாது.

பழத்துக்கு வருவோம். நடுத்தரப் பங்கனபள்ளி இரண்டு போதும். செந்தூரமானால் மூன்று. வாங்கும்போது மஞ்சளாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் வெளியே ஒரே சீராய் மஞ்சளாக இருக்கும். உள்ளே அறுத்தால் வெளுப்பு, வாயில் வைத்தால் புளிப்பு, மணமே இராது. அந்தக் கல்லில் ஆர்செனிக் போன்ற நச்சுப் பொருள் கலந்திருக்கும். பழம் பழுக்க அதை உபயோகிப்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்திருக்கின்றன. பயமாக இருந்தால் முற்றின காயாக வாங்குங்கள். வைக்கோலில் பொதிந்தோ அரிசிப் பானையில் புதைத்தோ நான்கைந்து நாள் வைத்தால் தானே பழுக்கும். பழுத்ததும் அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து, நன்றாகக் கழுவி, காம்புப் பக்கம் நறுக்கி எறியுங்கள்.

தோலைச் சீவிச் சதையைக் கையால் பிசைந்து, மாவு சல்லடையில் தேய்த்து எடுத்தால் நார் தங்கிவிடும். மிக்சியில் அடிக்கலாம். 2011-க்குப் பிறகு அரசு கொடுத்த மிக்சி பல வீட்டில் பரணில் கிடக்கிறது, எடுத்துத் துடையுங்கள். ஆனால் தயிரை மட்டும் மிக்சியில் போட்டுவிடாதீர்கள். தளர்ந்து மோராகிவிடும், விடியற்காலை எழுந்தது வீண். கெட்டித் தயிரில் 75 கிராம் சர்க்கரை போட்டு மரக் கரண்டியால் குழையுங்கள். சர்க்கரை கரைய ஒரு பத்து நிமிஷம் விட வேண்டும். பிறகு மூன்று ஏலக்காயைப் பொடித்துப் போட்டு, கடைசியில் மாம்பழக் கூழைச் சேருங்கள். ஆறு சின்னக் கிண்ணம் வரும்.

வடக்கே தயிர் எடைக்குச் சரியாகச் சர்க்கரை போடுகிறவர்களும் உண்டு. நமக்கு வேண்டாம். பங்கனபள்ளிக்கே போதுமான இனிப்பு இருக்கிறது. "வெல்லம் போட்டா நல்லதா, நர்சம்மா?" என்று கேட்பீர்கள். நிறம் கறுக்கும், மணம் மாறும். உடம்புக்கு வெல்லமும் சர்க்கரைதான். கர்ப்ப காலத்தில் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்து இரத்தம் எடுக்கிறோமே, அதில் சர்க்கரை அதிகம் என்று வந்தவர்கள் இந்த இனிப்பை ஆசைப்பட்டுத் தின்ன வேண்டாம். சர்க்கரை போடாத தயிரும், மாம்பழத்தில் எத்தனை துண்டு என்பதை டாக்டரம்மாவிடம் கேட்டுக் கொண்டும் சாப்பிடுங்கள்.

கைக்குழந்தை உள்ள வீடு என்றால் சர்க்கரை போடுவதற்கு முன்னாலேயே ஒரு கரண்டித் தயிரும் பழக்கூழும் தனியாக எடுத்து வையுங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு அதைப் பிசைந்து கொஞ்சமாக ஊட்டலாம். இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்க வேண்டாம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது. "நாக்குல ஒரு சொட்டு தடவறேன்" என்று அத்தைமார் ஓடி வருவீர்கள். தெரியும், அதற்காகத்தான் சொல்கிறேன்.

இப்போது குளிர வைப்பது. பிரிட்ஜ் இருந்தால் இரண்டு மணி நேரம் வைத்தால் முடிந்தது. இல்லாதவர்கள் வாயகன்ற மண்சட்டியில் ஆற்று மணலைப் போட்டு நனைத்து, நடுவில் எவர்சில்வர் பாத்திரத்தை மூடி அழுத்தி வையுங்கள். மேலே ஈரச் சாக்கு. காற்று வருகிற நிழலில் வைத்து அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக் கொண்டு போகும். பானைத் தண்ணீர் குளிர்வதும் அதனால்தான். நம் பக்கம் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று வந்துவிட்டால் காற்றிலேயே ஈரம் ஏறி, அவ்வளவாகக் குளிராது. அதனால் காலை பதினொன்றரைக்கு வைத்து ஒன்றரைக்கு எடுத்துவிடுவது நல்லது. ஜில்லென்று பல் கூசாது. தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். கடையில் ஐஸ் கட்டி வாங்கினால் பாத்திரத்துக்கு வெளியே வையுங்கள். மீனுக்குப் போடுகிற ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்ததோ, உள்ளே போடவே கூடாது. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இதை இராத்திரிக்கு மிச்சம் வைக்க வேண்டாம். அந்த வேளையே தீர்த்துவிடுங்கள்.

ஆறு கிண்ணத்தில் யாருக்கு எது? நான் எங்கே வரப்போகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்குச் சோகை இருந்தது. பாதிக்கு மேல். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவள்தான். சட்டியில் ஒட்டியதை வழித்துப் போட்டுக் கொண்டு "எனக்குப் பசியில்லை" என்கிறவளும் அவள்தான். "நான் வேணாம்னா சொன்னேன்? அவளே வைக்கமாட்டேங்கறா" என்று ஆண்பிள்ளைகள் சொல்கிறீர்கள். அண்ணே, தம்பி, அவள் எடுத்துக் கொள்ளமாட்டாள். நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். ஆறு கிண்ணத்தையும் வரிசையாக வைத்து ஒரே அளவாக ஊற்றுகிற வேலையும் வீட்டுக்காரருக்குத்தான். முதல் கிண்ணம் அவள் கையில்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த இனிப்பில் புரதம் உண்டு, கரோட்டின் உண்டு, வைட்டமின் 'சி' உண்டு. ஆனால் இரும்புச் சத்து மிகச் சொற்பம். சோகையை இது தீர்க்காது. அதற்கு மாத்திரைதான். நான்காம் மாதத்திலிருந்து 180 நாள், பிள்ளை பிறந்த பிறகு 180 நாள். பாலும் தயிரும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக் கொள்ளும். அதனால் மாம்பழத் தயிர் மத்தியானம், இரும்பு மாத்திரை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த இரவுச் சாப்பாட்டில் தயிரோ மோரோ வேண்டாம், கீரையோ பருப்போ இருக்கட்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்காமல் வேறு வேளையில் போட வேண்டும். தனியாக ஒரு மாம்பழத் துண்டை மாத்திரையோடு தின்றால் தப்பில்லை. அதிலுள்ள வைட்டமின் 'சி' இரும்பு சேர உதவும். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயந்து நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். அது வழக்கந்தான். வாந்தி வருகிறது, வயிறு கட்டுகிறது என்றால் என்னிடம் வந்து சொல்லுங்கள், கூரையில் செருகி வைக்காதீர்கள்.

அந்த ஏழு மாதப் பெண்ணின் வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே அங்கே போய் இதைச் செய்தேன். மூட்டை கட்டித் தொங்கவிட்டது அவள் புருஷன். துணி வெந்நீரில் போட்டது பாட்டி. மாமனார் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாட்டி மருமகளுக்கு அரைக் கிண்ணந்தான் கொடுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷப் பயம் ஒரே நாளில் போகுமா? மருமகள் அரைக் கிண்ணத்தைத் தின்று முடித்த பிறகு பாட்டி அவள் முகத்தையே பார்த்துக் கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் என் துணை மையத்துக்கு நடந்தே வந்து, "ஒண்ணும் ஆகலம்மா" என்றார். பிறகுதான் மீதி அரைக் கிண்ணம். மாத்திரையும் தவறாமல் போட்டாள். பிரசவத்துக்குப் போகும்போது ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியிருந்தது. பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ.

மாம்பழக் காலம் முடிந்தால் என்ன செய்வது என்று அங்கே ஒரு தங்கச்சி கை தூக்குகிறாள். வாழைப்பழம் போடலாம், சப்போட்டா போடலாம், சர்க்கரையை இன்னும் குறைத்துக் கொள்ளலாம். ஆனால் இப்போதுதான் நீலம் வந்திருக்கிறதே, இன்னும் மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. துணியைக் கொதிக்க வைக்க மறக்காதீர்கள்.